ஆரோன் முதல் குகேஷ் வரை: சதுரங்கத்தில் தமிழ்நாடு

இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன். முதல் கிராண்ட்மாஸ்டர் விஸ்வநாதன் ஆனந்த். சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் எஸ். விஜயலட்சுமி. உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட சாம்பியன் பட்டத்தை மிகக் குறைந்த வயதில் வென்றவர் டி. குகேஷ். நால்வரும் தமிழ்நாட்டுக்காரர்கள். 1961இல் ஆரோன் பட்டம் பெற்றதற்கும் 2024இல் குகேஷ் சாம்பியன் ஆனதற்கும் இடையில் 63 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளிலும் ஆட்டம் தெரிந்த ஒருவர் அடுத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்ததால்தான் இது கைகூடியது.

வழி போட்டவர்

ஆரோன் 1935இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் இங்கே வீட்டுத் திண்ணைகளில் ஆடப்பட்டது நாட்டு முறைச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவுக்குக் கோட்டை கட்டும் நகர்வு கிடையாது. அதற்குப் பதில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவிக்கொள்ளலாம். இப்படிப் பழகியவர்கள் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போனால் திணறினார்கள். சர்வதேச விதிகளை இங்கே வேரூன்றச் செய்ததில் ஆரோனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய சாம்பியன் ஆனார். 1960இல் லைப்சிக் சதுரங்க ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயைத் தோற்கடித்தார். 1962 ஸ்டாக்ஹோம் போட்டியில் கடைசி இடமே கிடைத்தது. ஆனாலும் அங்கே போர்டிஷ், ஊல்மன் என்ற இரு பெரும் கிராண்ட்மாஸ்டர்களை வீழ்த்தினார். அர்ஜுனா விருது பெற்ற முதல் சதுரங்க வீரரும் அவரே.

1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் ‘தால் செஸ் கிளப்’ தொடங்கியதற்கும் ஆரோனே காரணம். சோவியத் புத்தகங்களும் பத்திரிகைகளும் அங்கே கிடைத்தன. மின்னல் வேக ஆட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது: தோற்றவர் எழுந்து போய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும், வென்றவர் உட்கார்ந்தே இருக்கலாம். அந்த நாற்காலியை விடாமல் பிடித்துக்கொள்ளக் கற்ற சிறுவர்களில் ஒருவர் ஆனந்த்.

ஆனந்த்

1969 டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் தாய் சுசீலா. தந்தையின் ரயில்வே வேலை காரணமாகக் குடும்பம் சில காலம் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் சதுரங்கப் புதிர் ஒன்று வரும். மகன் பள்ளியில் இருக்கும்போது தாய் அதைக் குறித்துவைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். பரிசுகள் குவியவே, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனிமேல் விடை அனுப்ப வேண்டாம் என்று நிகழ்ச்சிக்காரர்களே கேட்டுக்கொண்டதாக ஆனந்த் சொல்லியிருக்கிறார்.

1983இல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பது சுற்றிலும் வென்றார். 16 வயதில் தேசிய சாம்பியன், 1987இல் உலக ஜூனியர் சாம்பியன். கோயம்புத்தூரில் நடந்த போட்டியை வென்று 1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கொங்கு மண்ணில் கிடைத்த அந்தப் பட்டத்தோடுதான் இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர் கணக்கு தொடங்குகிறது.

1995இல் நியூயார்க்கில் உலக சாம்பியன் பட்டத்துக்கான மோதலில் காஸ்பரோவிடம் தோற்றார். 2000இல் டெஹ்ரானில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஷிரோவை வென்று உலக சாம்பியன் ஆனார். மீண்டும் 2007இல் பட்டம் வென்று, அடுத்து கிராம்னிக், டோபலோவ், கெல்ஃபாண்ட் என்று வரிசையாக எதிர்கொண்டு காத்தார். 2013 நவம்பரில் வளர்ந்த ஊரான சென்னையில் மாக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். அன்று இரு வீரர்களும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆடினார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்து அதைப் பார்த்தவர்களில் ஏழு வயதுச் சிறுவன் குகேஷும் ஒருவன்.

பெண்கள்

விஜயலட்சுமி 1979இல் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண்கள் கிராண்ட்மாஸ்டர் பட்டமும் அவருடையதே. தந்தையின் பயிற்சியில் தங்கைகள் மீனாட்சியும் பானுப்பிரியாவும் ஆட வந்தார்கள். மீனாட்சியும் பெண்கள் கிராண்ட்மாஸ்டர் ஆனார். திருச்சியைச் சேர்ந்த ஜெனித்தா ஆன்டோ போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்தபடி மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கான உலகப் பட்டத்தைப் பலமுறை வென்றவர்.

2001இல் பிறந்த ஆர். வைஷாலியைச் சதுரங்க வகுப்பில் சேர்த்ததற்குக் காரணம், டிவி பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்ற பெற்றோரின் எண்ணம். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் பலகையில் உட்கார்ந்தார். தம்பி 2018இல் 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர். 2023 உலகக் கோப்பையில் இறுதிவரை போய்க் கார்ல்சனிடம் தோற்றார். அதே ஆண்டு அக்காவும் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, இருவரும் அந்தப் பட்டம் பெற்ற உலகின் முதல் அக்கா-தம்பி ஆனார்கள். தாய் நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் அடுப்பும் பாத்திரமும் கொண்டுபோய், விடுதி அறையில் ரசம் சாதம் சமைத்துக்கொடுத்தவர்.

பயிற்சியும் செலவும்

வைஷாலி, பிரக்ஞானந்தா இருவரையும் வளர்த்த ஆசிரியர் கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ். 2002இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றவர். நிரந்தர வேலையை விட்டு, மனைவியும் பெண்கள் கிராண்ட்மாஸ்டருமான ஆர்த்தியுடன் சென்னையில் ‘செஸ் குருகுல்’ நடத்துகிறார். குகேஷை வளர்த்த ஆசிரியர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா. ஆனந்தும் இளையவர்களுக்கு வழிகாட்டுகிறார்.

கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு 2500 தரப்புள்ளிகளைத் தொட வேண்டும். அதோடு ‘நார்ம்’ எனப்படும் தகுதி மூன்று முறை கிடைக்க வேண்டும். வலுவான பன்னாட்டு வீரர்கள் ஆடும் போட்டியில் மிகச் சிறப்பாக ஆடினால்தான் ஒரு நார்ம். அதற்காகக் குழந்தையோடு பெரியவர் ஒருவரும் ஐரோப்பா வரை போய் வர வேண்டும். மகனோடு பயணம் செய்வதற்காகக் குகேஷின் தந்தை தம் மருத்துவத் தொழிலையே ஒதுக்கி வைத்தார். நுழைவுக் கட்டணம், விமானம், தங்குமிடம் என்று வளரும் செலவுதான் பல திறமைகளைப் பாதியில் நிறுத்துகிறது.

மாமல்லபுரம் முதல் சிங்கப்பூர் வரை

2022இல் ரஷ்யாவில் நடக்கவிருந்த ஒலிம்பியாட், உக்ரைன் போரின் காரணமாக மாமல்லபுரத்துக்கு வந்தது. சென்னை நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறியது. வேட்டி சட்டை கட்டிய குதிரை ‘தம்பி’ எல்லாச் சுவரிலும் வணக்கம் சொன்னது. 16 வயதுக் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றார். 2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் இந்தியா முதன்முறையாகத் தங்கம் வென்றது. குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி மூவரும் அந்த அணிகளில் இருந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் பட்டத்துக்கான மோதலில் குகேஷும் சீனாவின் டிங் லிரனும் 6.5–6.5 என்று சமநிலையில் இருந்தார்கள். பதினான்காவது ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்புக் காய்கள். கூடுதலாக ஒரே ஒரு சிப்பாய். டிராதான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், 55ஆவது நகர்வில் டிங் யானையை வெட்டுக்கு வைத்தார். அவருடைய மந்திரி பலகையின் மூலையில் மாட்டிக்கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. யானைக்கு யானை, மந்திரிக்கு மந்திரி போனால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும். அங்கே குகேஷின் கூடுதல் சிப்பாயைத் தடுக்க வழியில்லை. மூன்றே நகர்வுகளில் டிங் கைகொடுத்தார். குகேஷ் அழுதார். அழுதுகொண்டே எல்லாக் காய்களையும் அவற்றின் தொடக்கக் கட்டங்களில் அடுக்கி, பலகையைக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். 11 வயதில், மிக இளைய உலக சாம்பியன் ஆவேன் என்று சொன்ன அந்தப் பையனுக்கு அன்று வயது 18.

அடுத்தவர் எங்கே?

இந்தப் பட்டியலில் சென்னைப் பெயர்களே அதிகம். ஆனாலும் மதுரையிலிருந்து அரவிந்த் சிதம்பரம் வந்து 2025 பிராக் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். ஈரோட்டிலிருந்து இனியன் 2019இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஈரோடு எட்டிவிடும் தூரம்தான். சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் மரச்சிற்பக் கலை இன்றும் உயிரோடு இருக்கிறது. வாகை மரத்தில் உளி பிடிக்க, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சிறுவன் கற்றுக்கொண்டதால்தான் அது நிலைத்தது. சதுரங்கமும் அப்படித்தான் கைமாறுகிறது. பலகை விலை அதிகம் இல்லை. தம்மம்பட்டி, அதன் பக்கத்துக் கெங்கவல்லி, ஆத்தூர் பள்ளிகளில் வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஆட்டம் தெரிந்த ஒருவர் முன்வர வேண்டும். பிள்ளை வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது செலவில் ஊரும் கொஞ்சம் பங்கெடுக்க வேண்டும்.