வலிக்காமல் கெடும் சிறுநீரகம்! காட்டிக் கொடுக்கும் "கிரியேட்டினின்"

பல் கெட்டால் வலிக்கும். வயிறு கெட்டால் வலிக்கும். ஆனால் சிறுநீரகம் கெட்டால் பெரும்பாலும் வலிப்பதே இல்லை!

"எனக்கு ஒரு நோயும் கிடையாது" என்று சொல்லிக் கொண்டு நடமாடுகிறவருக்கும் சிறுநீரகம் பாதி கெட்டுப் போயிருக்கலாம்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ரத்தத்தில் உள்ள ஒரு கழிவுப் பொருள் அதைக் காட்டிக் கொடுத்து விடுகிறது. அதன் பெயர் "கிரியேட்டினின்".

தசையில் பிறக்கிறது

நம் தசைகளில் "கிரியேட்டின்" என்று ஒரு பொருள் இருக்கிறது. தசைகள் வேலை செய்வதற்கு வேண்டிய சக்தியை உடனுக்குடன் கொடுக்க இது உதவுகிறது.

இதில் 100-ல் ஏறக்குறைய 2 பங்கு தினமும் கழிவாக மாறுகிறது. அந்தக் கழிவுதான் கிரியேட்டினின். அது ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி, சிறுநீரோடு வெளியே தள்ளி விடுகிறது.

வீட்டில் தினமும் குப்பை சேருகிறது. குப்பை வண்டி ஒழுங்காக வந்தால் குப்பை தேங்காது. வண்டி வராவிட்டால் வாசலில் குவிந்து விடும். கிரியேட்டினினும் அப்படித்தான். ரத்தத்தில் அது கூடினால், வடிகட்டும் வேலை சரியாக நடக்கவில்லை என்று பொருள்.

தினம் 180 லிட்டர்!

சிறுநீரகம் ஒவ்வொன்றும் மூடிய கை அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர்! அதில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது. மீதி ரத்தத்துக்கே திரும்பி விடுகிறது.

நிறம் சொல்லும் சேதி

கிரியேட்டினினுடன் பிக்ரிக் அமிலமும் காரமும் சேர்ந்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம் தோன்றும். இதை 1886-ல் வெளியிட்டவர் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி மாக்ஸ் யாபே. இன்றும் பல பரிசோதனைக் கூடங்களில் இந்த நிறத்தை வைத்தே அளவு பார்க்கிறார்கள்.

100 மில்லி ரத்தத்துக்கு ஆண்களுக்கு சுமார் 0.7 முதல் 1.3 மில்லி கிராம் வரை இருக்கலாம். பெண்களுக்கு 0.6 முதல் 1.1 வரை இருக்கலாம்.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. வடிகட்டும் சக்தி பாதியாகக் குறைந்த பிறகுதான் பலருக்கு இந்த எண் அளவைத் தாண்டுகிறது!

உடலில் உள்ள தசையின் அளவும் கவனிக்க வேண்டியது. பயில்வானுக்குத் தசை அதிகம். அவருக்கு 1.3 இருந்தால் பயம் இல்லை. மெலிந்த பாட்டிக்குத் தசை குறைவு. அவருக்கு 1.1 இருந்தாலே டாக்டர் யோசிப்பார். சோதனைக்கு முன் இறைச்சி சாப்பிட்டாலும் எண் சற்று ஏறும்.

அதனால் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்று கணக்கிடுகிறார்கள். அது 3 மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால், நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பொருள்.

யார் சோதிக்க வேண்டும்?

சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதல் இரண்டு இடம் சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும்தான். இவை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதனை செய்து கொள்ள வேண்டும்.

ரத்தம் மட்டும் போதாது. சிறுநீரையும் சோதிக்க வேண்டும். "ஆல்புமின்" என்ற புரதம் சிறுநீரில் ஒழுகினால், கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே ஆபத்து தெரிந்து விடும்.

டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்குவதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கால் வீங்கட்டும், மூச்சு வாங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் காலம் கடந்து விடும். முன்கூட்டியே தெரிந்து, சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் அடக்கி வைத்தால், பலருக்கு "டயாலிசிஸ்" என்ற இயந்திரச் சுத்திகரிப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப் போடலாம். சிலருக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் யார்? அவர் கடைசியாகச் சோதனை செய்து கொண்டது எப்போது? இன்றே கேட்டுப் பாருங்கள்.