புற வன்தட்டும் மலைப்பனியும்

இளம் அறிவியல் (இயற்பியல்), மூன்றாம் ஆண்டு

பழனி மலைத்தொடரில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஆடலூர் எங்கள் ஊர். சென்ற கார்த்திகையில் என் அப்பத்தாவின் பேச்சைப் படம்பிடித்தேன். பொதிக்குதிரையில் மூட்டை ஏற்றிச் சமவெளிக்கு இறக்கிய நாட்களைப் பற்றி இரண்டு மணி நேரம் சொன்னார். படத்தைத் தொகுப்பதற்காக அனைத்தையும் ஒரு புற வன்தட்டில் ஏற்றினேன். இடம் வேண்டுமென்று காமிராவின் அட்டையை அழித்தும் விட்டேன். மறுவாரம் யாரோ கம்பியில் கால் இடற, மேசையிலிருந்த தட்டு தரையில் விழுந்தது. அதன்பின் உள்ளிருந்து 'டிக் டிக்' என்ற ஒலி மட்டுமே வந்தது. மீட்டுத் தருவதற்குக் கேட்ட தொகை எங்கள் வீட்டாரால் இயலாதது. தை பிறக்குமுன் அப்பத்தா காலமானார். இக்கட்டுரை எழுத நேர்ந்தது இதனால்தான்.

வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுடைய வட்டத்தட்டு ஒன்று நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றுப்படலத்தின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிரின் தடிமனோ 50,000 நானோமீட்டருக்கும் அதிகம்! ஓடும்போது அதிர்ந்தால் முனை தட்டை உரசிவிடும். நான் கேட்ட 'டிக் டிக்' ஒலி, முனை வழி தெரியாமல் மீண்டும் மீண்டும் தேடும் ஒலியே. மலையில் காற்று மெலிதாயிற்றே என்று இயற்பியல் மாணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலான தட்டுகள் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்குமாறு செய்யப்பட்டவை. கோடைக்கானலே ஏறத்தாழ 2,100 மீட்டர்தான். ஆகவே உயரத்தால் நமக்கு அச்சமில்லை.

அச்சம் ஈரத்தால். மலைக்குளிரில் குளிர்ந்த தட்டைப் பையிலிட்டுத் திண்டுக்கல்லின் வெக்கைக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால், குளிர்நீர்க் குவளையின் வெளிப்புறத்தில் போலவே அதிலும் நீர் அரும்பும். பையைத் திறவாமல் ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகு கணிப்பொறியில் இணைக்க வேண்டும். வீட்டில் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்கலாம். அரிசிப் பானையில் புதைப்போரும் உண்டு; அரிசித் தூசி இணைப்பு வாயில் அடைவதுதான் மிச்சம்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே அறியலாம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே காட்சி, நொடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 கிகாபைட் ஆகும். சுழலும் சிறு புறத்தட்டு நொடிக்குச் சுமார் 100 மெகாபைட் தருமாதலால் இதற்குப் போதும் என்று தோன்றும். ஆனால் தொகுக்கும்போது மூன்று, நான்கு காட்சிகளை ஒரே சமயத்தில் அங்குமிங்கும் தாவிப் படிக்க நேர்கிறது. அப்போது முனை அலைந்து திணறும். ஆகவே தொகுப்பு வேலைக்குச் சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி.யும், முடிந்ததைச் சேமிக்க மலிவான வன்தட்டும் கொள்வது சிறந்தது. யு.எஸ்.பி. 2.0 வாயில் இணைத்தால் எந்தத் தட்டானாலும் நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாது என்பதையும் மறக்கலாகாது.

புதுத் தட்டை முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும். விண்டோஸ் மட்டுமே என்றால் என்.டி.எஃப்.எஸ்.; நண்பரின் மேக் கணிப்பொறியிலும் எழுதவேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். பழைய ஃபேட்32 முறை 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறையுண்டு: எழுதும்போது மின்சாரம் போனாலோ, சொல்லாமல் பிடுங்கினாலோ கோப்பு அட்டவணை கெட வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்பது மின்சாரத்துக்கே தெரியாது! மின்கலம் உள்ள மடிக்கணினியில் வேலை செய்வதும், 'எஜெக்ட்' கொடுத்த பின்பே கம்பியை எடுப்பதும் நலம். தட்டை முழுக்க நிரப்பாமல் பத்தில் ஒரு பங்காவது காலியாக விடுக. எஸ்.எஸ்.டி.யை ஆண்டுக்கணக்கில் இணைக்காமல் போட்டு வைத்தால் பதிவு மங்கக்கூடும்.

இத்தனை செய்தும் தட்டு ஒருநாள் சாகும். ஆகவே பிரதி வேண்டும். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. இதற்குச் சான்று நம் மலையிலேயே உள்ளது. 1899-இல் நிறுவப்பட்ட கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் பதிந்த அவற்றை, இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்மமாக்கிய பின்னரும் மூலத்தை எறிந்துவிடவில்லை. நூறாண்டுக்கு முந்தைய சூரியப் புள்ளிகளை இன்றைய ஆய்வாளர் அளக்கின்றனர். மாறாக, 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் சுருள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

காமிராவைச் சரிபார்க்க அலைபேசியில் அன்று எடுத்த நான்கு நிமிடங்கள் தப்பின. அப்பத்தா குதிரையின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார். அது இப்போது என் எஸ்.எஸ்.டி.யில் உள்ளது, ஒரு வன்தட்டில் உள்ளது, மற்றொன்றில் ஏற்றி, திண்டுக்கல்லில் இருக்கும் அத்தை வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.