ஸ்மார்ட் டிவிக்கு ஏன் சீக்கிரம் வயதாகிறது?

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-இல்தான் ஓய்வு பெற்றது. இயந்திரம் என்றால் தேய்ந்த பாகத்தை மாற்றி, எண்ணெய் விட்டு, தலைமுறை தாண்டி ஓட்டுவது என்று பழகிப்போன ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், குவார்ட்டர்ஸ் ஹாலில் மாட்டியிருக்கும், 2016 வாக்கில் வாங்கிய 4கே டிவிக்கு ‘பழசு’ என்று பெயர் வந்துவிடுகிறது. திரையில் கீறல் இல்லை, ஸ்பீக்கர் கரகரக்கவில்லை. ஆனால் ஓடிடியில் புதிதாக வந்த படத்தைத் திறந்தால், பையனின் போனில் ‘டால்பி விஷன்’ என்று காட்டும் இடத்தில் டிவியில் வெறும் ‘எச்டி’ என்றுதான் நிற்கிறது. சுரங்கத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் கேட்கும் முதல் கேள்வி, “எந்தப் பாகம் போச்சு?” எதுவும் போகவில்லை. அதனாலேயே பழுது பார்க்கவும் வழியில்லை.

கோளாறு எங்கே என்று புரிய, படம் வீட்டுக்கு வரும் வழியைப் பார்க்க வேண்டும். 4கே படத்தின் ஒரு சட்டகத்தில் 3840 × 2160 புள்ளிகள், ஏறத்தாழ 83 லட்சம். புள்ளிக்கு 30 பிட், நொடிக்கு 24 சட்டகம் என்று பெருக்கினால் நொடிக்கு 600 கோடி பிட் வரும். 4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகமோ நொடிக்கு 15 மெகாபிட், அதாவது ஒன்றரைக் கோடி பிட். நானூறில் ஒரு பங்குதான் கம்பி வழியே வருகிறது. மிச்சத்தை டிவியே கணக்குப் போட்டு வரைந்துகொள்கிறது.

கதாநாயகன் நின்று வசனம் பேசும்போது அவர் பின்னால் இருக்கும் சுவரை ஒவ்வொரு சட்டகத்திலும் திரும்ப அனுப்புவதில்லை. ‘அந்தப் பகுதி முன்பு இருந்தபடியே’ என்று ஒரு குறிப்பு போகிறது. அவர் கையைத் தூக்கினால், ‘இந்தத் துண்டை இவ்வளவு மேலே நகர்த்து’ என்று இன்னொரு குறிப்பு. கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைத் துணிந்து கழித்துவிடுகிறார்கள். இப்படிச் சுருக்கவும் விரிக்கவுமான விதித்தொகுப்புக்குத்தான் கோடெக் என்று பெயர். 2003-இல் வந்த எச்.264 இன்றும் எல்லா இடத்திலும் ஓடுகிறது. 2013-இல் வந்த எச்இவிசி, ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி பிட்டில் கொடுத்தது. அதன் காப்புரிமைக்காரர்களோ தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து நின்று கட்டணம் கேட்டார்கள். யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற குழப்பத்தில் வெறுத்துப்போன கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், மைக்ரோசாஃப்ட், மோசில்லா முதலிய நிறுவனங்கள் 2015-இல் கூட்டணி அமைத்து, 2018-இல் ஏவி1 என்ற கட்டணமில்லாக் கோடெக்கை வெளியிட்டன. அது எச்இவிசியைவிடவும் சிக்கனம். அனுப்புகிறவருக்கு அலைவரிசைச் செலவு மிச்சம். விரிக்கிற வேலையோ பார்க்கிறவர் வீட்டில்.

டிவிக்குள் இருக்கும் சில்லில் இரண்டு வகை உழைப்பாளிகள் உண்டு. ஒன்று பொதுவான செயலி. எந்த வேலையைச் சொன்னாலும் செய்யும், ஆனால் மெதுவாக. டிவியின் செயலி போனில் இருப்பதைவிடப் பெரும்பாலும் பலவீனமானது. விலையைக் குறைக்க வேண்டியவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான். இன்னொன்று, கோடெக்கை விரிப்பதற்காகவே சிலிக்கானில் செதுக்கிய தனிப் பகுதி. நெய்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்: முன்னது மண்வெட்டி பிடித்த ஆள், பின்னது பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். ஆளை எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம், சுரங்கம் முழுவதையும் அவரை வைத்து வெட்ட முடியாது. எக்ஸ்கவேட்டர் மலையளவு மண்ணைத் தள்ளும், ஆனால் எந்த மண்ணுக்காகச் செய்தார்களோ அந்த மண்ணைத்தான். ஆரம்ப காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த சக்கரங்கள் நிலக்கரிக்கு மேலே கிடந்த கடலூர் மணற்கல்லில் மோதிப் பல் தேய்ந்தன. பாறையை வெடி வைத்துத் தளர்த்தியும், வேறு பல் பொருத்தியும் சமாளித்தார்கள். டிவி சில்லில் பல் மாற்ற இடமில்லை. 2016-இல் செதுக்கிய பகுதிக்கு 2018-இல் பிறந்த ஏவி1 தெரியாது. எந்த மென்பொருள் அப்டேட் வந்தாலும் அது தெரியப்போவதில்லை.

பல் மாற்ற வழி வைத்தவர்களும் இருந்தார்கள். 2013-இல் சாம்சங் ‘எவல்யூஷன் கிட்’ என்று ஒரு சிறு பெட்டியை விற்றது. முந்தைய ஆண்டின் உயர்ரக டிவியின் முதுகில் அதைச் செருகினால் செயலி உட்பட மூளையே புதிதாகிவிடும். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? சில ஆண்டுகளிலேயே அந்த ஏற்பாடு நின்றுபோனது. புது டிவி விற்கிற கம்பெனி பழைய டிவிக்கு எத்தனை நாள்தான் மூளை செய்து கொடுக்கும்!

நெட்ஃபிளிக்ஸ் 2021 நவம்பரில் டிவிகளுக்கு ஏவி1-இல் அனுப்பத் தொடங்கியது. 2020-க்கு முன் வந்த டிவி என்றால் அதில் அநேகமாக ஏவி1 இருக்காது. அதற்காகத் திரை இருண்டுவிடாது. அந்த டிவிகளுக்காகவே அதே படத்தின் எச்.264, எச்இவிசி பிரதிகளையும் வைத்திருக்கிறார்கள். டிவியில் இருக்கும் ஆப், ‘எனக்கு இது இது தெரியும்’ என்று சர்வரிடம் சொல்லும். சர்வர் அதற்கேற்ற பிரதியைக் கொடுக்கும். எல்லாப் பிரதியும் எல்லாத் தரத்திலும் இருக்காது என்பதுதான் விஷயம். யூடியூப் 4கே காணொளிகளை எச்.264-இல் தருவதில்லை, விபி9 என்ற இன்னொரு கோடெக்கோ ஏவி1-ஓ தெரிந்திருக்க வேண்டும். தெரியாத டிவி, 4கே திரையில் எச்டி படத்தை இழுத்து நீட்டிக் காட்டும். ஏன் என்று அது சொல்வதும் இல்லை.

இதுவரை சொன்னது படத்தைக் கட்டி அனுப்பும் பொட்டலம். டால்பி விஷன், எச்டிஆர்10+ என்று சின்னம் காட்டுபவை எச்டிஆர் என்ற வேறு அடுக்கு: ஒளியைப் பற்றிய குறிப்புகள். பழைய முறையில் வெண்மையின் உச்சம் சுமார் 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) என்று வைத்துக்கொண்டுதான் ஸ்டூடியோவில் வண்ணம் தீட்டினார்கள். 2014-இல் வரையறுத்த புதிய அளவுகோல் 10,000 நிட் வரை போகிறது. கூடவே, ஒரு நிறத்துக்கு 256 படிகள் இருந்த இடத்தில் 1,024 படிகள் வந்தன. மாலை வானம் பட்டை பட்டையாகத் தெரியாமல் வழவழப்பாக மங்குவது இதனால்தான். வீடுகளில் இருக்கும் டிவிகள் அநேகமாக எதுவும் 10,000 நிட் காட்டாது. ஆகவே டிவி தன் சக்திக்கு ஏற்ப ஒளியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். எச்டிஆர்10 என்ற அடிப்படை முறை, முழுப் படத்துக்கும் ஒரே குறிப்பைக் கொடுக்கிறது. டால்பி விஷனும் எச்டிஆர்10+-உம் காட்சிக்குக் காட்சி குறிப்பு அனுப்புகின்றன. இருட்டறைக் காட்சியில் ஒருவிதமாகவும், நண்பகல் வயல்வெளியில் இன்னொரு விதமாகவும் டிவி நடந்துகொள்ளும்.

இந்த அடுக்கில் அப்டேட் சில சமயம் உதவும். சாம்சங் தன் 2016 டிவிகளுக்கு எச்டிஆர்10+-ஐ மென்பொருள் வழியாகவே கொடுத்தது. சோனி தன் உயர்ரக டிவிகள் சிலவற்றுக்கு 2018-இல் டால்பி விஷனைச் சேர்த்தது. அப்படியானால் மற்றவர்கள் ஏன் செய்யவில்லை? டால்பிக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும், ஒவ்வொரு மாடலையும் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த மாடலுக்கு அந்தச் செலவைச் செய்ய யாருக்கும் மனம் வராது. வயதை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. சாம்சங்கின் புத்தம்புது டிவியில் இன்றும் டால்பி விஷன் இல்லை, எல்ஜி டிவியில் எச்டிஆர்10+ இல்லை. கம்பெனிகளின் பங்காளிச் சண்டையில், இரண்டு லட்சம் கொடுத்து வாங்கியவருக்கும் ஏதோ ஒரு சின்னம் விடுபடத்தான் செய்கிறது.

பென் டிரைவில் படம் வாங்கி வந்து போடுகிறவர்களுக்கு இது வேடிக்கையான வடிவில் தெரியவரும். ஓடிடிக்கென்று தயாரித்த ஒருவகை டால்பி விஷன் கோப்பை, அது தெரியாத டிவியில் ஓட்டினால் முகமெல்லாம் பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாக வரும். பேனல் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். நிறங்களை வேறு முறையில் எழுதியிருக்கிறார்கள். டிவி அதைப் பழைய முறையில் வாசிக்கிறது.

ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறாக யோசித்தார்கள். இந்தியாவில் 1982 ஆகஸ்ட் 15-இல் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது, நாட்டில் இருந்த பெட்டிகள் ஏறக்குறைய எல்லாம் கறுப்பு வெள்ளை. சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியே ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு பெட்டியும் வீணாகவில்லை. பால் என்ற அந்த முறையில் வெளிச்சத்தை முன்பு போலவே ஒரு சமிக்ஞையாக அனுப்பி, நிறத்தை 4.43 மெகாஹெர்ட்ஸில் ஓர் உப அலையாக அதன் மேல் ஏற்றினார்கள். வண்ணப் பெட்டி இரண்டையும் படித்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டி முதலாவதை மட்டும் படித்துவிட்டு மற்றதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஒளிபரப்பு, இரு தலைமுறைப் பெட்டிகள். அன்று ஒளிபரப்புக்கு ஒரே அலை. அதை எல்லோரும் பார்த்தாக வேண்டியிருந்தது. ஓடிடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே அனுப்புகிறது. பழைய டிவிக்குப் பழைய பிரதி என்று ஒதுக்கிவிடலாம். ஒருநாள் அந்தப் பிரதியையும் நிறுத்தலாம்.

நிறுத்தியும் இருக்கிறார்கள். 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை மூடியபோது, 2012-க்கு முந்தைய டிவி பலவற்றில் அந்த ஆப் செத்துப்போனது. 2010, 2011-இல் விற்ற சில சாம்சங் டிவிகளில் 2019 டிசம்பரோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றது. தொழில்நுட்ப வரம்புகள் என்று காரணம் சொன்னார்கள். கோடெக்கோ எச்டிஆரோ விடுபட்டால் படம் மங்கும், ஆப் போனால் படமே இல்லை. விற்கும்போது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த வசதியைப் பின்னால் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வது நியாயமாக எனக்குப் படவில்லை. இத்தனை வருடம் அப்டேட் தருவோம் என்று அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். சாம்சங் தன் 2024 மாடல்களில் தொடங்கி ஏழாண்டு அப்டேட் என்றும், எல்ஜி ஐந்தாண்டில் நான்கு மேம்பாடுகள் என்றும் இப்போதுதான் அறிவித்திருக்கின்றன.

சரி, பழைய 4கே டிவியை என்ன செய்வது? தமிழ்நாட்டுக்கு இதில் அனுபவம் உண்டு. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கொடுத்த 14 அங்குலக் குழாய் டிவிக்கு டிஜிட்டல் ஒளிபரப்பு என்றால் என்னவென்றே தெரியாது. கேபிள் டிஜிட்டலுக்கு மாறியபோது அந்தப் பெட்டிகளை யாரும் தூக்கிப் போடவில்லை. அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸை வைத்து, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரைச் செருகினார்கள். விரிக்கிற வேலையை வெளிப்பெட்டி ஏற்றது, டிவி வெறும் திரையானது. ஸ்மார்ட் டிவிக்கும் அதே வைத்தியம்தான்: எச்டிஎம்ஐ ஓட்டையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக். சில ஆயிரம் ரூபாயில் ஏவி1 தெரிந்த ஸ்டிக் கிடைக்கிறது. டிவிக்குள் இருக்கும் ஆப்களை மறந்துவிடலாம்.

ஸ்டிக்கால் முடியாததும் உண்டு. கோடெக்கை அது விரித்துக் கொடுக்கும், திரையின் ஒளியைக் கூட்டாது. எச்டிஆர் என்று எழுதி விற்ற மலிவு டிவிகள் பலவற்றின் பேனல் 250, 300 நிட்டைத் தாண்டாது. சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும், காட்டத் தெம்பு இருக்காது. அப்படிப்பட்ட டிவி வைத்திருப்பவர் டால்பி விஷன் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. சாதாரணப் பிரதிதான் அதில் பெரும்பாலும் இன்னும் தெளிவாக இருக்கும்.

ஸ்டிக் வாங்கப் போகும்போது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் குவித்து விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஓடிடி நிறுவனங்கள் எச்டி தர, ‘வைட்வைன் எல்1’ என்ற பாதுகாப்புச் சான்று கேட்கின்றன. எல்3 மட்டும் உள்ள பெட்டிக்கு, நீங்கள் எந்தச் சந்தா கட்டினாலும் மங்கலான படம்தான். டிவியின் பின்னால் பல எச்டிஎம்ஐ ஓட்டைகள் இருந்தால் ‘எச்டிசிபி 2.2’ (இதுவும் ஒரு பாதுகாப்பு முறை) என்று குறித்திருப்பதில் செருகுங்கள். 2014, 2015 டிவிகள் சிலவற்றில் ஒரே ஒரு ஓட்டைக்குத்தான் அது உண்டு. செருகியும் எச்டிஆர் வரவில்லை என்றால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் டிவியின் செட்டிங்ஸுக்குள் போங்கள். பல டிவிகளில் எச்டிஎம்ஐ பழைய வேகத்திலேயே பூட்டி வருகிறது. எல்ஜியில் ‘டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’ என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும்.