கோப்புப் பிழை: மென்பொருள் சொல்ல வேண்டியது என்ன?

கணினியில் ஒரு கோப்பைத் திறக்கவோ சேமிக்கவோ முடியாமல் போவதற்குக் காரணங்கள் பல. கோப்பு அங்கே இல்லாமல் இருக்கலாம், அதைத் திறக்க அனுமதி இல்லாமல் இருக்கலாம், வட்டு நிறைந்திருக்கலாம், பென் டிரைவைப் பாதியில் யாராவது பிடுங்கியிருக்கலாம். காரணம் பெரும்பாலும் இயங்குதளத்துக்குத் தெரியும். லினக்ஸ் அதை எண்ணாகவே மென்பொருளிடம் கொடுத்துவிடுகிறது: கோப்பு இல்லை என்றால் 2, அனுமதி இல்லை என்றால் 13, இடம் இல்லை என்றால் 28. அந்த எண்ணைப் பயனருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது மென்பொருளின் பொறுப்பு.

பல மென்பொருள்கள் 'பிழை ஏற்பட்டது' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. காரணத்தைத் தவறாகச் சொல்வது அதைவிட மோசம். ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் 5 ஜிபி வீடியோவை ஏற்ற முடியாது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக் கூடாது. அப்போது 'இடம் போதவில்லை' என்று செய்தி வந்தால், பயனர் இருக்கும் படங்களை எல்லாம் வீணாக அழிப்பார். 'இந்த டிரைவின் அமைப்பு இவ்வளவு பெரிய கோப்பை ஏற்காது' என்பதே சரியான செய்தி.

எந்தக் கோப்பு, எங்கே இருக்கிறது, என்ன தடை, செய்த வேலை பத்திரமாக இருக்கிறதா, அடுத்து என்ன செய்யலாம் ஆகிய ஐந்தும் நல்ல செய்தியில் இருக்கும். 'கணக்கு.xlsx கோப்பை டி டிரைவில் சேமிக்க முடியவில்லை, டிரைவ் நிறைந்துவிட்டது. உங்கள் மாற்றங்கள் இன்னும் திரையில் உள்ளன. வேறு இடத்தில் சேமிக்கவும்' என்பது ஓர் எடுத்துக்காட்டு. பிழை எண்ணைக் கடைசியில் சிறிய எழுத்தில் தந்தால் பழுது பார்ப்பவருக்கு உதவும்.

செய்தியே வராத பிழைகளும் உண்டு. எழுதச் சொன்ன தரவை இயங்குதளம் முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வட்டில் பிறகுதான் எழுதும். அந்த இடைவெளியில் வட்டு பழுதானால், 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தி பொய்யாகிவிடும். லினக்ஸில் இத்தகைய பிழை ஒருமுறை தெரிவிக்கப்பட்டபின், மறுமுயற்சி வெற்றி என்று காட்டினாலும் தரவு தொலைந்திருக்கலாம் என்பது 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுதள உருவாக்குநர்களிடையே பெரும் விவாதமானது. அதன்பின் இப்பிழை வந்தால் மறுபடி முயலாமல், தரவுதளத்தை நிறுத்தி, மாற்றங்களைக் குறித்துவைத்திருக்கும் பதிவேட்டிலிருந்து தரவை மீட்கும் வழியை அவர்கள் மேற்கொண்டனர்.

சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதும் ஆபத்து; பாதியில் மின்சாரம் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி, அது வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, அதன்பின் பழைய பெயரை அதற்குச் சூட்டுவதே பாதுகாப்பான முறை. இத்தனையும் முடிந்தபின்தான் 'சேமிக்கப்பட்டது' என்று சொல்ல ஒரு மென்பொருளுக்கு உரிமை உண்டு.