வாசிப்பவர் கண்ணுக்கு மட்டும்!

மேற்கத்திய இசைக் கச்சேரியில் வயலின்காரர் முன்னால் ஒரு ஸ்டாண்டு நிற்குமே, அதில் விரித்திருக்கும் தாளை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வாருங்கள், பார்த்துவிடுவோம்! ஸ்வரங்களுக்கு மேலும் கீழும் பொடி எழுத்தில் வார்த்தைகள் இருக்கும். எந்த மனநிலையில் வாசிக்க வேண்டும் என்று இசையமைப்பாளர் வாசிப்பவர் காதில் மட்டும் ஓதுகிற சேதி அது. சபையில் இருக்கும் நமக்குத் தெரியவே தெரியாது.

மென்மையாக, துயரத்தோடு, துள்ளலாக என்று பெரும்பாலும் இத்தாலியச் சொற்கள். அவை வழக்கமானவை, விடுங்கள். பீத்தோவன் பக்கம் வாருங்கள்! 1825இல் நால்வர் வாசிக்க எழுதிய ஓபஸ் 130 குவார்டெட்டில் ‘கவாட்டினா’ என்றொரு பகுதி. நிதானமாகப் பாடிக்கொண்டிருக்கும் இசை நடுவில் சட்டென்று முகம் மாறுகிறது. மற்ற மூவரும் மெல்லிய ஒலியில் ஒரே சீராகத் துடிக்க, அங்கே ‘பெக்லெம்ட்’ என்று ஒற்றை ஜெர்மன் சொல். நெஞ்சு அடைத்துப்போன நிலை. இப்போது முதல் வயலினின் ஸ்வரங்களைப் பாருங்களேன்! தாளத்தோடு சேராமல் தள்ளித் தள்ளி விழுகின்றன; இடையிடையே மூச்சு முட்டும் மௌனம். தொண்டை அடைத்தவர் பேச முயல்வது அப்படியே! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிற இடம் இது.

இன்னும் கேளுங்கள். 1977இல் வாயேஜர் விண்கலங்கள் சுமந்து சென்ற தங்க இசைத்தட்டில் கடைசி இசை இந்தக் கவாட்டினாதான். ஒலி மட்டுமா போனது? ஒரு வயலினோடு கவாட்டினாவின் தாளும் படமாகப் போயிருக்கிறது!

பிரெஞ்சுக்காரர் டெபுஸ்ஸி இன்னொரு ரகம். பனியில் பதிந்த காலடிகளைப் பற்றிய பியானோ பிரெலூடில், தாளமே சோகமாய் உறைந்த நிலக்காட்சி போல ஒலிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். தலைப்பை முதலில் போடவில்லை. வாசித்து முடித்தபின் கண்ணில் படும்படி கடைசியில் போட்டார். ரஷ்யரான ஸ்க்ரியாபினோ, தன் ஆறாவது பியானோ சொனாட்டாவில் பெரும்பீதி எழுகிறது என்றே எழுதினார், அதுவும் பிரெஞ்சில்!

என் செல்லம் எரிக் சாட்டி. 1913இல் ஒரு பியானோ இசையில், பல்வலி வந்த இராப்பாடிக் குருவி போல வாசிக்கச் சொன்னார். விரல்கள் அதை எப்படிச் செய்யும்? ஆனால் படித்த மாத்திரத்தில் கை வேறு மாதிரி விழுகிறது, அதுதான் அற்புதம்! அடுத்த வருடம் எழுதிய இசைத்தாளிலோ, வாசிக்கும்போது உள்ளே எழுதியிருப்பதை உரக்கப் படிக்கவே கூடாது என்று தடை போட்டுவிட்டார். மீறினால் அவர் கோபத்துக்கு ஆளாக வேண்டும்!