ரபி வருவார் முன்னே, மசோதா வரும் பின்னே

சட்டம் இயற்றுபவர்களிடம் ஆதரவு திரட்டும் வாஷிங்டன் லாபியிஸ்ட் என்றால் விலையுயர்ந்த ரெஸ்டாரன்ட், இருட்டு மூலை, ரகசியப் பேச்சு என்றுதானே சினிமாவில் பார்த்திருக்கிறோம்? யூத மனித உரிமை அமைப்பு ஒன்றுக்காக அரசுத் தொடர்புகளைக் கவனிப்பவரின் பின்னாலேயே ஒருநாள் போய்ப் பாருங்கள். காங்கிரஸ் உறுப்பினருக்கு அவர் ஒரு சாண்ட்விச் வாங்கித் தரக்கூட வழியில்லை! 2007-இல் இறுக்கப்பட்ட விதிகள் அப்படி. வரவேற்பு நிகழ்ச்சிகளில் நின்றபடி கொறிப்பதற்கு ஏதாவது வைக்கலாம். குச்சியில் குத்தி வாயில் போடும் அளவு என்றால் தப்பில்லை. உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடாகிவிட்டால் வம்பு. அங்கே இதற்கு 'டூத்பிக் விதி' என்றே பெயர். எனக்குப் பிடித்த சட்ட நுணுக்கம் இது. சாப்பாடு போட்டு ஆளைப் பிடிக்க முடியாது என்றால், விஷயத்தைச் சொல்லித்தானே பிடித்தாக வேண்டும்!

உதாரணத்துக்கு, அமெரிக்கன் ஜூயிஷ் வேர்ல்ட் சர்வீஸ் என்ற யூத மனித உரிமை அமைப்பை எடுத்துக்கொள்வோம். 1985-இல் தொடங்கியது, தலைமையகம் நியூயார்க். ரூத் மெஸிஞ்சர் 1997-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் ஜூலியானியிடம் தோற்றார். அடுத்த வருடமே இந்த அமைப்பின் தலைமைக்கு வந்து 2016 வரை நடத்தினார். 2004-இல் சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த படுகொலைக்கு எதிராக அமெரிக்காவின் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தோடு சேர்ந்து ஒரு கூட்டணியைக் கட்டியது இவருடைய காலத்தில்தான்.

சரி, காங்கிரஸ் இயங்கும் கேப்பிடல் ஹில்லுக்குள் நுழைவோமா? ரேபர்ன், லாங்வொர்த், டர்க்ஸன், ஹார்ட் என்று வரிசையாக அலுவலகக் கட்டடங்கள். உறுப்பினரைப் பார்ப்பது அபூர்வம். பெரும்பாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் இருபத்தைந்து வயதைச் சுற்றி நிற்கும் உதவியாளர். அவரிடம் வெளியுறவு மட்டுமா இருக்கும், இன்னும் நாலைந்து துறைகளும் தலைமேல்! அறையில் இடமில்லை என்றால் வராந்தாவில் நின்றபடியே சந்திப்பு. கையில் ஒரே ஒரு பக்கக் குறிப்பு. "உங்கள் ஆஸ்க் (கோரிக்கை) என்ன?" என்பார் அவர். இந்த மசோதாவுக்கு கோ-ஸ்பான்சர் ஆக வேண்டும், இந்தக் கடிதத்தில் கையெழுத்து வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். அப்போது பார்த்து மணி அடிக்கும். பிரதிநிதிகள் சபையில் இரண்டு முறை மணி அடித்தால் மின்னணு வாக்கெடுப்பு. அபூர்வமாக உறுப்பினரே எதிரே இருந்தால், எழுந்து ஓடுவார். கெட்டிக்காரர்கள் கூடவே நடந்தபடி மிச்சத்தைச் சொல்லி முடிப்பார்கள்.

இதைவிட ஜோரான சங்கதி ஒன்று உண்டு. இந்தச் சந்திப்புகளில் அமைப்பின் அரசுத் தொடர்புப் பிரிவுத் தலைவர் பெரும்பாலும் பேசுவதே இல்லை! அமைப்பு அமெரிக்காவின் யூத மதகுருக்களான ரபிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வெளிநாடுகளில் களப்பணி செய்பவர்களை நேரில் சந்திக்க வைத்து, பிறகு வாஷிங்டனுக்கு அழைத்து வருகிறது. சொந்தத் தொகுதி ரபி வாசலில் நின்றால் எந்த அலுவலகம் கதவைச் சாத்தும்? அந்நியரை நல்லபடி நடத்தச் சொல்லும் கட்டளை யூத வேதமான தோராவில் 36 இடங்களில் வருகிறது என்று அதன் விளக்க நூலான தல்மூத் கணக்கு வைத்திருக்கிறது. அதை வாழ்நாளெல்லாம் ஓதியவர் மியான்மரின் ரோஹிங்கியா முஸ்லிம்களைப் பற்றிப் பேசும்போது எதிரே இருப்பவர் போனைக் கீழே வைத்துவிடுகிறார். தலைவரின் வேலை எல்லாம் அதற்கு முந்தியது: எந்தக் கமிட்டி, எந்த உதவியாளர், எந்த வாரம்.

பலன்? 2017-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மர் ராணுவத்தின் தாக்குதலுக்குத் தப்பி வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்தத் தாக்குதல் இனப்படுகொலைதான் என்று அமெரிக்க அரசு வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பது ஒற்றைக் கோரிக்கை. யூத அமைப்புகள் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பே உருவாக்கி, மற்ற பல அமைப்புகளோடு சேர்ந்து விடாமல் தட்டின. 2022 மார்ச் 21 அன்று அன்றைய வெளியுறவு அமைச்சர் பிளிங்கன் அதைச் சொன்னார். எங்கே நின்று? அதே ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தில்! படிக்கும்போதே எனக்குச் சிலிர்த்தது. ஹோலோகாஸ்ட்டில் உயிர்தப்பிய எழுத்தாளர் எலீ வீசல் பெயரால் 2019 ஜனவரியில் கையெழுத்தான சட்டமும் இப்படித்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி வந்தது. படுகொலைக்கான முன்அறிகுறிகளைக் கண்டுகொள்ளத் தூதரக அதிகாரிகளுக்குப் பயிற்சி தரச் சொல்கிறது அது.

சட்டவரம்பும் உண்டு: வரிவிலக்குள்ள அமைப்பு வேட்பாளர் யாருக்கும் கொடி பிடிக்கக் கூடாது, பதிவு செய்த லாபி வேலைக்குக் காலாண்டுக் கணக்கு கொடுக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்த மரபின் கருவறையைக் காட்டாமல் விட மனமில்லை. மாசசூசெட்ஸ் அவென்யூ, எண் 2027. சீர்திருத்த யூதர்களின் ரிலிஜியஸ் ஆக்‌ஷன் சென்டர். கிவீ கேப்லன் என்ற பாஸ்டன் தொழிலதிபரின் கொடையால் வந்த கட்டடம். பின்னாளில் கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்புக்கும் தலைவரானவர் அவர். இங்கிருந்த கூட்ட அறை மேசையில்தான் 1964 சிவில் உரிமைகள் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம் இரண்டிலும் பல பகுதிகள் எழுதப்பட்டன. அடுத்த தெருமுனை தாண்டினால் 2107-இல் இந்தியத் தூதரகம், எதிரே கோலூன்றி நடக்கும் காந்தி சிலை. வாஷிங்டன் போகும் தமிழர்கள் பலரும் அந்தச் சிலையோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அப்படியே சில தப்படி நடந்து 2027-ஐயும் பார்த்துவிட்டு வாருங்களேன்!