உபயோகித்தவர் சொல்

பட்டாபிராமிலிருந்து சென்னைக்குச் செல்லும் காலை மின்சார ரயிலில் ஒரு நாள் அமர்ந்து செல்வோர், பொருள்களைப் பற்றிய விமரிசனத்துக்குத் தனிப் பத்திரிகை தேவையில்லை என்று கண்டுகொள்வர். எந்த மிக்ஸி சட்னியை மசிய அரைக்கிறது, எந்தக் குக்கரின் ரப்பர் வளையம் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடுகிறது, எந்தச் சோப்புத்தூள் கையை அரிக்கிறது, எந்த இலக்கண நூல் குழந்தைக்குப் புரிகிறது என்பனவெல்லாம் அங்கே விவாதிக்கப்படுகின்றன. வண்டி அம்பத்தூரைத் தாண்டுவதற்குள் யாரோ ஒருவர் ஒரு பொருளை வாங்குவதென்றோ, வாங்குவதில்லையென்றோ முடிவு செய்துவிடுகிறார். முன்னர் வாய்மொழியாக மட்டும் பரவிய இந்த அபிப்பிராயங்கள் இன்று கைப்பேசியின் மூலம் ஊர் அறியாத பல்லாயிரம் பேரை எட்டுகின்றன.

அபிப்பிராயம் கூறுவது எளிது. ஆனால் அதன் பலனை அனுபவிப்பவர் யார் என்பதை நாம் சிந்திப்பதில்லை. இதனை விளக்க, எங்கள் தெருவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன்.

ஒரு சேலையின் கதை

அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், கைத்தறிச் சேலை என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, வெள்ளை உடலும் சிவப்புக் கரையும் கொண்ட சேலை ஒன்றை வாங்கினார். முதல் துவைப்பிலேயே கரையின் சாயம் இறங்கி உடலெங்கும் பரவிற்று. மனம் வருந்திய அவர், "கைத்தறியே இப்படித்தான், இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்றார். ஒரு வாரத்துக்குள் அதே சொற்களை மேலும் மூன்று வீடுகளில் நான் கேட்டேன்.

சேலையைக் காட்டுமாறு வேண்டினேன். அதில் கைத்தறி முத்திரை இல்லை. ரசீதிலும் 'காட்டன் சேலை' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பொதட்டூர்ப்பேட்டையில் நெடுங்காலம் தறியில் உழைத்த பெரியவர் ஒருவர் அச்சமயம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்தும், விரலால் தடவியும் பார்த்துவிட்டு, "அம்மா, இது தறிக்காரன் கையால் ஓட்டிய துணி அல்ல, விசைத்தறியில் வந்தது" என்றார். சிறிது நேரம் பேசாதிருந்து, "ஆனால் கெட்ட பெயர் எங்களுக்குத்தான்" என்றும் சொன்னார்.

அம்மையார் பொய் சொல்லவில்லை. சாயம் போனதும் மெய். பணம் வீணானதும் மெய். எனினும் 'இந்தச் சேலை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் 'கைத்தறி' என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லினால் குற்றம் செய்தவர் தப்பினார். அத்துணியைத் தொட்டும் பாராத நெசவாளர் நான்கு வீடுகளின் ஆதரவை இழந்தார்.

இருபுறமும் நாமே

கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கமே நுகர்வோரின் மனக்குறையில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. அதனை நிறுவிய முன்னோடிகளுள் கம்பளித் துணி நெசவாளர் பலர் இருந்தனர். மாவிலும் சர்க்கரையிலும் கலப்படம் மலிந்திருந்த அக்காலத்தில், கலப்பற்ற சரக்கு, குறையாத நிறை என்பனவே அவர்கள் அளித்த உறுதிமொழி. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய சில சரக்குகளே அங்கு முதலில் விற்கப்பட்டன.

நமது வட்டாரத்துக்கும் இதில் பெருமை உண்டு. பட்டாபிராமுக்கு மேற்கே, திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904இல் அமைந்த சங்கமே நாட்டின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் எனப் போற்றப்படுகிறது. அதே 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நுகர்வோருக்கெனத் தோன்றியது. ஒன்று விளைவிப்போருக்கு, மற்றொன்று வாங்குவோருக்கு. நம் அங்கத்தினரோ இரண்டுமாக இருக்கிறோம். தறியில் அமரும்போது உற்பத்தியாளர். கடைவாயிலில் நிற்கும்போது நுகர்வோர். ஆதலால் நியாயமான அபிப்பிராயத்தின் மதிப்பை நம்மைவிட நன்கு அறியக் கூடியவர் வேறு யார்?

பிறர் சொல்லை எடைபோடுதல்

கைப்பேசியில் ஒரு பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் இருப்பதைக் கண்டவுடன் நாம் மயங்கிவிடுகிறோம். அங்கே சிலவற்றைக் கவனித்தல் அவசியம். முதலாவது, எத்தனை பேர் சொன்னார்கள் என்பது. எட்டுப் பேர் தந்த முழு மதிப்பெண்ணைவிட, இரண்டாயிரம் பேர் தந்த சற்றுக் குறைந்த மதிப்பெண் நம்பத்தக்கது. இரண்டாவது, எப்போது சொன்னார்கள் என்பது. பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியவர் மிக்ஸியின் நிறத்தைப் பற்றிச் சொல்லலாமேயன்றி, அதன் மோட்டாரைப் பற்றிச் சொல்ல இயலாது. மூன்றாவது, எதைப் பற்றிச் சொன்னார்கள் என்பது. பொருள் தாமதமாக வந்து சேர்ந்தது என்ற கோபத்தில் பொருளையே பழிப்பவர் பலர்.

மேலும், மிக்க மகிழ்ச்சி அடைந்தவரும் மிக்க சினம் கொண்டவருமே பெரும்பாலும் எழுதுகின்றனர்; 'பரவாயில்லை' என்று கருதுவோர் மௌனமாக இருந்துவிடுகின்றனர். பணம் பெற்றுக்கொண்டு எழுதப்படும் பொய்ப் பாராட்டுக்களும் கலந்துள்ளன. இத்தகைய மோசடியைத் தடுக்கவே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில், இணையவழி நுகர்வோர் கருத்துரைகளுக்கென ஒரு தரவரையறையை வெளியிட்டது. அமெரிக்காவிலும் 2024இல் பொய்க் கருத்துரைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. எனினும் சட்டம் செய்வதில் பாதியை நம் நிதானமே செய்துவிடும்.

நாம் சொல்லும் முறை

'சாயம் போகிறது' என்று மட்டும் சொன்னால் நெசவாளருக்கு வருத்தம் உண்டாகுமேயன்றி விளக்கம் கிடைக்காது. முதல் துவைப்பில் மட்டும் சிறிது இறங்கிப் பின் நின்றுவிட்டதாயின், சாயமிட்ட பின் நூலைச் சரியாக அலசாமல் மிகைச்சாயம் தங்கிவிட்டது என்று ஊகிக்கலாம். ஒவ்வொரு துவைப்பிலும் இறங்கிக்கொண்டே இருந்தால் சாயத்தின் வகையையே சந்தேகிக்க வேண்டும். வெயிலில் உலர்த்தியதால் மட்டும் வெளுத்ததாயின் அது வேறு குறை. எத்தனையாவது துவைப்பு, வெந்நீரா தண்ணீரா, நிழலில் உலர்ந்ததா வெயிலிலா என்ற விவரங்களைச் சேர்த்துச் சொன்னால், அதே புகார் சாயப்பட்டறைக்கு ஒரு பாடமாகிவிடுகிறது.

விளைபொருளுக்கும் இஃது ஒக்கும். 'அரிசி குழைகிறது' என்பவர், புது அரிசிக்குப் பழைய அரிசியின் அளவுக்கே நீர் வைத்தாரா என்பதையும் சொல்ல வேண்டும். புது அரிசிக்கு நீர் குறைவாகவே வேண்டும் என்பதை நம் பாட்டிமார் அறிவர்.

புத்தகத்தைப் பற்றிப் பேசும்போதும் இந்த நேர்மை தேவை. 'நன்றாக இல்லை' என்பதைவிட, 'பத்து வயதுப் பிள்ளைக்குக் கடினம்; எழுத்து சிறிது; கட்டடம் பிரிகிறது' என்று சொல்லுதல் நன்று. நூலின் கருத்து ஒன்று. அச்சும் தாளும் வேறு. ஆசிரியரின் குறையைப் பதிப்பாளர் மேலும், பதிப்பாளரின் குறையை ஆசிரியர் மேலும் ஏற்றுதல் தகாது.

சட்டம் தரும் துணை

கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட துணிகளை விசைத்தறியில் நெய்வதைத் தடுக்க 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி 11 வகைத் துணிகள் கைத்தறிக்கே உரியவை. வாங்குவோர் அடையாளம் காணும் பொருட்டுக் கைத்தறி முத்திரை 2006இல் அறிமுகமாயிற்று. முத்திரையைப் பார்த்து வாங்குவதும், ரசீதில் 'கைத்தறி' என்று எழுதச் சொல்லிக் கேட்பதும் ஒவ்வொருவரின் கடமையாகும். எழுதித் தர மறுக்கும் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நாம் ஏன் நம்ப வேண்டும்?

ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருள் எங்கு வாங்கப்பட்டிருப்பினும், தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். பட்டாபிராம் வாசிகளுக்கு அது திருவள்ளூர் மாவட்ட ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணம் இல்லை.

நம் அங்கத்தினர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய மற்றொன்றும் உண்டு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கி உபயோகிக்கும் பொருள் வணிக நோக்கமுடையது ஆகாது என்று அச்சட்டம் கூறுகிறது. ஆகவே தம் தறிக்கு நூலும் சாயமும் வாங்கும் நெசவாளரும் நுகர்வோரே. முளைக்காத விதையால் நஷ்டமடைந்த விவசாயியும் நுகர்வோரே என்பதை உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதி செய்தது.

சங்கங்கள் செய்யத்தக்கது

1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், சேலையை நெய்தவரின் பெயரையும் படத்தையும் தாங்கிய அட்டையைச் சேலையுடன் இணைத்து வழங்கியதுண்டு. வாங்குபவர் நெய்தவரின் முகத்தைக் காண அது வழி செய்தது. இனி, உடுத்தியவரின் சொல் நெய்தவரின் செவிக்குத் திரும்பி வரவும் வழி வேண்டும். இதற்குப் பெரும் செலவு இல்லை. விற்பனை நிலையத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வாங்கிய நாள், பொருள், உபயோகித்த காலம், கண்ட நிறைகுறை ஆகிய நான்கையும் எழுதச் செய்யலாம். மாதக் கூட்டத்தில் அவற்றை வாசித்து, நெசவாளரோ பயிரிட்டவரோ தரும் பதிலையும் அதன் அருகிலேயே எழுதிவைக்கலாம். புகழுரையை மட்டும் வாசித்துப் புகாரை மறைப்பதாயின் அந்தப் புத்தகமே தேவையில்லை.

மேலே சொன்ன அம்மையார் பின்னர் முத்திரையிட்ட சேலை ஒன்றை வாங்கினார். தாம் முன்பு சொன்னது தவறு என்பதை அந்த மூன்று வீடுகளுக்கும் சென்று தாமே கூறினார். புதுச் சேலை எப்படி என்று நான் வினவியபோது, "ஐந்து தடவை துவைத்த பிறகு சொல்கிறேன்" என்றார். நுகர்வோர் அனைவரும் இந்தப் பொறுமையைக் கைக்கொண்டால், நல்ல பொருள் செய்வோர் அஞ்ச வேண்டியதே இல்லை.